ஃபைரூஸ் நீக்க உத்தரவு

ஷாக்கிர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த வருஷத்தில் ஐந்தாவது தடவையாக வைரஸ் வந்தபோது, மனிதர் செய்த ஒரே தப்பு அதை அரசாங்கத்திடம் போய்ச் சொன்னதுதான். மற்றபடி அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. அலெக்சாந்திரியா துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் பருத்தி மூட்டைகளின் எடையை எழுதி ஓய்வு பெற்றவர். நாலு பேர் வரிசையில் நின்றால் எதற்கென்று கேட்காமல் ஐந்தாவதாகப் போய் நிற்கிற ரகம். ஒருமுறை அப்படி நின்று, யாரென்றே தெரியாத ஒருவர் செத்ததற்கு இரங்கல் சொல்லி, சர்க்கரை போடாத காபியும் குடித்துவிட்டு வந்திருக்கிறார். இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது அவர் மனைவிதான்.

மனைவி பெயர் ஃபைரூஸ். கம்ப்யூட்டர் அவளுடையது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் கையால் எழுதிக் கொண்டுவரும் ஆய்வேடுகளை டைப் செய்து கொடுப்பாள். அந்த மாதம் அவள் கையில் இருந்தது நைல் கழிமுகத்துத் தவளைகளின் ஈரலைப் பற்றிய நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிள்ளைகள் ஊரிலுள்ள இன்டர்நெட் கடைகளில் எல்லாம் செருகி எடுத்த பென் டிரைவைக் கொண்டுவந்து இங்கே செருகுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கும். எதைத் தொட்டாலும் திறக்காது. தொடாதது தானாகத் திறக்கும். கீழே கடை வைத்திருக்கும் ஹானி வந்து, "ஃபார்மட் போட்டா சரியாயிடும் மேடம்" என்பான். போடுவான். தவளை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

அந்தச் சமயத்தில்தான் இல்லக் கணினித் தூய்மை ஆணையம் ஊர் முழுக்கப் பலகை வைத்தது. 'உன் வீடு சுத்தமா?' என்று ஒரு விரல் நம்மைக் காட்டிக் கேட்கும். மூன்று தடவைக்கு மேல் வைரஸ் வந்த வீட்டுக்காரர் தாமாக வந்து பதிவு செய்யாவிட்டால் டெலிபோன் இணைப்பு துண்டிக்கப்படும் என்று விரலுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

"போகாதே ஷாக்கிர்" என்றாள் ஃபைரூஸ். "நீயா போய் வாயைக் குடுத்து மாட்டிக்காதே. அஞ்சு தடவை வந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா?"

"வைரஸ் போய்ச் சொல்லுமா?"

ஷாக்கிர் சிரித்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார்.

ஏழாம் ஜன்னலில் இருந்தவர் மேடம் இனாயத். மேஜையில் ஒரு பெரிய தட்டு. அதில் முலூக்கிய்யாக் கீரை. ஒரு இலை ஆய்வார், ஒரு வரி எழுதுவார். அவருக்குப் பின்னால் சுவர் நெடுக அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. எல்லாம் புதுக் கம்ப்யூட்டர்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏன் மேடம் பிரிக்கல?" என்று ஷாக்கிர் கேட்டார்.

"பிரிச்சா வைரஸ் வந்துடும் ஹாஜி" என்றார் அந்த அம்மாள், குழந்தைக்குச் சொல்வதுபோல். "வீட்டுல என்ன கஷ்டம்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரபியில் வைரஸையும் ஏறக்குறைய ஃபைரூஸ் என்றுதான் சொல்வார்கள். கடைசி எழுத்தைப் பல்லோடு வைத்துச் சீறினால் அது நோய். அதையே கொஞ்சம் வண்டு மாதிரி ரீங்கரித்தால் நீலக்கல், பெண்ணுக்கு வைக்கிற பெயர். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசம்கூடத் தெரியாது. ஷாக்கிருக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. அவர் சீறினாலும் ரீங்கரித்தாலும் ஒரே காற்றுத்தான் வெளியே வரும்.

"ஃபைரூஸ்தான் மேடம்."

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தே. போகும், திரும்ப வந்துடும்."

"என்ன செய்யுது?"

"கேட்டா பதில் வராது. நெனச்ச நேரத்துக்கு ஜன்னலத் தொறக்குது. நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யுது. எனக்குத் தெரியாம யாருக்கோ கடிதம் அனுப்புது."

மேடம் இனாயத் கீரையைக் கீழே வைத்தார். உண்மையிலேயே மனம் வருந்தினார். "பாவம் நீங்க. என்ன வேணும்னு கேக்கறீங்க? சுத்தம் பண்ணணுமா, நீக்கணுமா?"

"நீக்கிடுங்க மேடம். மறுபடி வரக்கூடாது."

ஷாக்கிர் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. முத்திரையில் கழுகின் தலை பச்சையாக இருந்தது, அது கீரைச் சாறு.

ஒன்பது நாள் கழித்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் உஸ்தாத் ஸப்ரி. கூட வந்த இருவரில் ஒருவர் முத்திரை வைக்கச் சிவப்பு அரக்கு கொண்டுவந்தார், மற்றவர் அதை உருக்க மெழுகுவத்தி. மூவரும் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். ஃபைரூஸ் அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்தாள். டீ குடிப்பதற்காக மூவரும் துணியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டார்கள்.

"கம்ப்யூட்டர் அந்த ரூம்ல இருக்கு" என்றார் ஷாக்கிர்.

"அதை நாங்க தொடறதில்ல" என்றார் ஸப்ரி. "தொட்டா பரவும். மேடம், இந்த வீட்டுல ஃபைரூஸ் இருக்குன்னு புகார். உங்களுக்குத் தெரியுமா?"

"ஃபைரூஸ் நான்தான்."

ஸப்ரி பேனாவை எடுத்தார். "ஒப்புக்கொண்டார்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "இங்க எத்தனை வருஷமா?"

"முப்பத்தொண்ணு. எதுக்குக் கேக்கறீங்க?"

"எந்த வழியா உள்ள வந்தீங்க?"

"வாசல் வழியாத்தான். கல்யாணம் பண்ணிக்கிட்டு."

"யார் அனுமதிச்சாங்க?"

"இதோ இந்த மனுஷன்தான்" என்று ஷாக்கிரைக் காட்டினாள். அப்போதும் அவளுக்குச் சிரிப்புத்தான். "ஷாக்கிர், என்ன புகார் குடுத்தே நீ? எனக்குத் தெரியாம?"

ஸப்ரி காகிதத்தை வாசித்துக் காட்டினார். பதில் வராது. ஜன்னலைத் திறக்கிறது. சொன்னதைச் செய்வதில்லை. யாருக்கோ கடிதம். வாசித்து முடித்தபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அரக்கு உருக்கும் ஆள்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் பத்தி! அட, கடைசி எழுத்து மாறிப்போச்சு! நான் சொன்னது அந்த ஃபைரூஸ், இந்த ஃபைரூஸ் இல்ல!" என்று ஷாக்கிர் பதறினார்.

"ரெண்டு தடவையும் நீங்க ஒண்ணுதானே சொன்னீங்க?" என்றார் ஸப்ரி.

விதி என்ன என்றால், நீக்குவதற்கு முன் பதினான்கு நாள் தனிமை. ஃபைரூஸ் சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். கணவன் உட்பட வெளியுலகத்தோடு தொடர்பு கூடாது. டெலிபோன் கம்பியை அவர்களே பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதைக் காப்பாற்றத்தான் ஷாக்கிர் வரிசையில் நின்றார் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. கட்டடத்து வாசல்காரன் ஃபங்கரியைக் கண்காணிப்பாளனாக நியமித்து ஒரு விசிலும் கொடுத்தார்கள். ஃபங்கரி தெற்கே மேல் எகிப்திலிருந்து வந்தவன், இருபது வருஷமாக ஃபைரூஸ் கையால் சாப்பிட்டவன். அவனுக்கு அரசாங்கம் கொடுத்த முதல் பொருள் அந்த விசில்.

பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது. 'மேற்படி இல்லத்திலிருந்து ஃபைரூஸ் நீக்கப்படுகிறது. குடும்பப் பதிவேட்டிலும் ரேஷன் அட்டையிலும் அதன் தடயங்கள் அழிக்கப்படுகின்றன. மறுதொற்றைத் தடுக்கும்பொருட்டு மூன்று ஆண்டுகளுக்கு மீள்நுழைவு கூடாது.'

ஃபைரூஸ் ஒரு பெட்டியில் துணியும் இன்னொரு பையில் தவளை ஆய்வேட்டின் கையெழுத்துப் பிரதியும் எடுத்துக்கொண்டு தமன்ஹூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். ரயில் நிலையத்தில், "அந்த எழுத்து மாறினது கிடக்கட்டும். நீ சொன்னதை வாசிச்சாங்களே, அது ஒண்ணுகூட எனக்குப் பொருந்தாதா?" என்று கேட்டாள். ஷாக்கிர் அவள் டிக்கெட்டைச் சட்டைப் பையில் தேடினார். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

இரண்டாவது வாரமே அவள் கறுப்புத் துணியால் முகம் மறைத்து ஒருமுறை வந்து பார்த்தாள். ஃபங்கரி அவள் நடையிலேயே கண்டுபிடித்து விசில் ஊதினான். ஊதிக்கொண்டே அழுதான். "மன்னிச்சுடும்மா. மாசத்துக்கு நாலு தடவையாவது ஊதின கணக்குக் காட்டணுமாம். இல்லன்னா விசிலைத் திருப்பி வாங்கிக்குவாங்க!" அவள் கொண்டுவந்த வாத்துக்கறியை அவனிடமே கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஷாக்கிர் மேல்முறையீடு செய்தார். நாலு மாதம் தினமும் டிராம் ஏறி ஆணையத்துக்குப் போனார். முதல் மாதம் கத்தினார். இரண்டாம் மாதம் கெஞ்சினார். மூன்றாம் மாதத்தில் காவலாளி அவருக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினான். கோபம் வரவேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை, பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. காலையில் எழுந்து ஒருவருக்கு மட்டும் ஃபூல் பயறு வேகவைத்துச் சாப்பிட்டுக் கிளம்புவார். ருசி தெரியாது. உப்புப் போட்டோமா என்ற ஞாபகமும் இருக்காது.

நாலாம் மாதம் தலைமை இயக்குநர் டாக்டர் வகீஹ் பேட்டி கொடுத்தார். அறை முழுக்கக் கேடயங்கள். மேஜைமேல் ஒரு கீபோர்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்.

"உட்காருங்க, உட்காருங்க. உங்க வழக்கு எங்களுக்கு ரொம்பப் பெருமை" என்றார் டாக்டர் வகீஹ். "ஆணையம் தொடங்கி மூணு வருஷம். இந்தக் கட்டடத்துல இருநூத்திப் பன்னெண்டு கம்ப்யூட்டர். இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுலயாவது ஒரு வைரஸ்? கிடையாது! ஐரோப்பாக்காரன் வந்து பாத்துட்டு வாயப் பொளந்தான். எப்படி சாத்தியம்னான். கட்டுப்பாடுன்னேன். ஒரு ஊழியனுக்குக்கூட அதை எப்படி ஆன் பண்றதுன்னு நாங்க சொல்லித் தரல. என்னையே எடுத்துக்குங்க. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சவனைத் தலைமையில உக்கார வெச்சா அவன் பாட்டுக்கு எதையாவது திறந்துடுவான்."

"ஐயா, என் மனைவி..."

"கேளுங்க. நாடு முழுக்க ஏழு லட்சம் புகார். எல்லாத்துலயும் நாங்க போய்ப் பாக்கறோம். வைரஸ் எங்கன்னு தேடினா அது கண்ணுக்கே தெரியறதில்ல! கண்ணுக்குத் தெரியாததை எப்படி அறிக்கையில எழுதறது? எத்தனை அவமானம் எங்களுக்கு! உங்க வீட்டுலதான் முதல்முறையா வைரஸ் கண்ணுக்குத் தெரிஞ்சுது. பேர் கேட்டா சொல்லுச்சு. டீ குடுத்துச்சு. பிடிச்சோம், நீக்கினோம். இதுவரைக்கும் ஆணையம் வெற்றியா முடிச்ச கோப்பு உங்களுது ஒண்ணுதான். அதைப் போயி தப்புன்னு சொல்றீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?"

ஷாக்கிருக்கு ஒரு கணம் நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதே என்று அவருக்குப் பயமாகக்கூட இல்லை.

"ஒரு எழுத்து மட்டும் திருத்தினா போதுங்க."

"தாராளமா திருத்தலாம்!" என்றார் டாக்டர் வகீஹ். "பெயர்த் திருத்த மனுவைப் பெயருக்கு உரியவர்தான் போடணும். வைரஸ் நேர்ல வந்து, ரெண்டு போட்டோவோட, அடையாள அட்டை காட்டி, என் பேரைத் தப்பா எழுதிட்டாங்கன்னு கையெழுத்துப் போடட்டும். அன்னிக்கே திருத்திடறேன். நான் கல்மனசுக்காரன் இல்ல."

வெளியே வந்து ஏழாம் ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். மேடம் இனாயத் அன்றைக்குக் கத்தரிக்காய் குடைந்துகொண்டிருந்தார். நாலு மாதமாக இந்த மனிதர் அழாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை.

"ஹாஜி, இங்க வாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க வீட்டம்மா மனுஷியா உள்ள வரக்கூடாது, அவ்வளவுதானே உத்தரவு? கம்ப்யூட்டருக்குத் துணைக் கருவின்னு ஒரு பட்டியல் இருக்கு. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர். அதுல சேத்துடலாம். 'டைப் செய்யும் கருவி, ஒண்ணு.' பதிவான கருவி கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டுலதான் இருக்கணும்னு சட்டம். வெளியே அனுப்பினா அது குத்தம்."

"அவ பேரைப் பாத்தா மறுபடி..."

"கருவிக்கு எதுக்கு ஹாஜி பேரு? நம்பர் போதும்."

ஹானியின் கடையிலிருந்து தமன்ஹூருக்குப் பேசினார். சொல்லி முடித்தார். லைன் போய்விட்டதோ என்று ரிசீவரைத் தட்டினார்.

"இருக்கேன்" என்றாள் ஃபைரூஸ். "நான் கருவியா?"

"பேப்பர்லதான்."

"உனக்குப் பேப்பர்ல ஒண்ணு, வெளியில ஒண்ணுன்னு ரெண்டு உண்டா ஷாக்கிர்?"

அவர் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினார். மனதில் எதையோ தேடினார், கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"சரி விடு" என்றாள். "தங்கச்சி வீட்டுல என் செருப்புக்குக்கூட இடமில்ல. பழைய படுக்கையில ஒரு ராத்திரி நிம்மதியாத் தூங்கணும். தவளை வேற பாதியில நிக்குது. என் வீட்டுக்கு நான் வரணும். எதை வேணா எழுதிக்கச் சொல்லு."

குறித்த நாளில் இருவரும் ஆணையத்தில் சந்தித்தார்கள். ஃபைரூஸ் மெலிந்திருந்தாள். கடலோரக் காற்றுக்கு ஏற்ற சாம்பல் கோட்டைப் போட்டிருந்தாள், கூந்தலைச் சுற்றி வழக்கமான பச்சைத் துணி. ஷாக்கிர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "வரிசை அந்தப் பக்கம்" என்றார்.

ஜன்னலில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி இரண்டாக வெட்டினார்கள். அலுமினிய நிறத்தில் நம்பர் போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரைக் கோட்டின் இடது பக்கம் ஒட்டினார்கள். உஸ்தாத் ஸப்ரி வந்து பரிசோதித்தார். பத்து விரலையும் மடக்கி நீட்டச் சொன்னார். பாதுகாப்புக்காக இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். அவர் அதை ஷாக்கிரைப் பார்த்துச் சொன்னார்.

"குறை ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க ஹாஜி" என்றார் மேடம் இனாயத். "அப்புறம் மாத்தித் தர மாட்டோம்." அவர் பகடியாகச் சொல்லவில்லை, அந்த வரி படிவத்திலேயே இருந்தது.

ரசீதில் 'நிலை' என்று ஒரு கட்டம். முப்பத்தாறு வருஷம் கட்டம் நிரப்பிய கை, யாரையும் கேட்காமல் 'பழையது, இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது. எழுதிய பிறகுதான் ஷாக்கிர் திரும்பிப் பார்த்தார். ஃபைரூஸ் அதை அவர் தோளுக்கு மேலாக வாசித்துக்கொண்டிருந்தாள். "எழுத்து அழகாத்தான் இருக்கு" என்றாள்.

வெளியே நல்ல வெயில். ராம்ல் நிலையத்தில் டிராம் தயாராக நின்றது. ஏறி, ஒரே இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியது. எத்தனையோ நாள் இந்தத் தடத்தில் தனியாக வந்துபோனபோது, அவள் பக்கத்தில் இருந்தால் என்னென்ன பேசலாம் என்று அவர் எண்ணி வைத்திருந்தது உண்டு. இப்போது அவள் இருந்தாள். வீட்டில் வெங்காயம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றார். கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்றாள். அப்படியேதான் இருக்கிறது, ஜன்னல்கள் தானாகத் திறந்துகொண்டுதான் இருக்கின்றன என்றார்.

கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டு வந்தான். "எத்தனை ஹாஜி?"

"ஒண்ணு" என்றார் ஷாக்கிர்.

கண்டக்டர் கிழித்துக் கொடுத்தான். ஷாக்கிர் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டிராம் கேம்ப் சீசர் நிறுத்தம் தாண்டி வளைவில் திரும்பியபோதுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. உறைத்ததே தவிர, வலிக்கவில்லை. அதுதான் அவருக்கு முதன்முறையாக நடுக்கத்தைத் தந்தது. மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

ஃபைரூஸ் அவரைப் பார்க்கவில்லை. கோட்டிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அது வரவில்லை. கைப்பையைத் திறந்து சில்லறையைத் துழாவி எடுத்து, வண்டியின் மறுகோடிவரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க ஒரு ஆளை விட்டுட்டியே. எனக்கு ஒரு டிக்கெட் குடுப்பா."